ஒரு கையில் தூக்க வேண்டும்

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எதை வாங்கினாலும் முதலில் வலது கையால் தூக்கிப் பார்ப்பார். பூசணிக்காயானாலும் சரி, நாற்காலியானாலும் சரி. விலை கேட்கமாட்டார், நிறம் பார்க்கமாட்டார். தூக்கிக்கொண்டு பத்தடி நடப்பார், திரும்பி வருவார். கை வலித்தால் சாமான் வேண்டாம். வலிக்காவிட்டால் வேண்டும். பாசாரில் எல்லாருக்கும் இது தெரியும். "ஐயா நடக்கப் போறாரு, வழி விடுங்க" என்று காய்கறிக்காரன் கத்துவான். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். நடந்து பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

அவர் பெயரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. மலாயாவில், காஜா பெராங்கில் எங்கள் சந்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் கண்ணாடிக்கடைக்காரர். எனக்கு அண்ணன். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். ஆகவே நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம், கேட்காமல் இருக்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது.

அவர் வீட்டுக்குள் போனால் நாளைக்கே ரயில் பிடிக்கப் போகிறவர்கள் வீடு மாதிரி இருக்கும். மடிக்கிற கான்வாஸ் கட்டில் இரண்டு, மடிக்கிற நாற்காலி ஒன்று, இரண்டு தகரப் பெட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு. சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. சாமி படம்கூடப் பெட்டி மேல் சாய்த்துத்தான் இருக்கும். அவர் மனைவி கறிவேப்பிலைக் கன்று ஒன்று கொண்டுவந்தபோது அதைத் தரையில் நட விடவில்லை. மண்ணெண்ணெய் டின்னில் நட்டு, கம்பியில் பிடி போட்டுக் கொடுத்தார். செடிக்குப் பிடி போட்ட ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அந்தப் பெண் அலோர் காஜா பக்கத்துக் கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பிறந்தவள். கூலிக்காரர் லயத்தில் வளர்ந்து, கல்யாணம் கட்டி டவுனுக்கு வந்தாள். அம்மா, தம்பி எல்லாரும் இன்னும் தோட்டத்தில்தான். அவருடைய ஊர் தமிழ்நாட்டில், ஜப்பான் சண்டை முடிந்த பிறகு மலாயாவுக்கு வந்தவர். அவளுக்கு அந்தக் கரையில் ஒரு முகம் தெரியாது. அவள் ஆசைப்பட்டதெல்லாம் ஓர் ஆட்டுக்கல்.

"அக்கா, நேத்தும் கேட்டேன். 'அத யார் தூக்குறது'ங்கிறாரு. ஆட்டுக்கல்ல எதுக்குக்கா தூக்கணும்? அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்காதா?"

"கெடக்கும். உன் புருசன்தான் கெடக்க மாட்டாரு" என்றேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அரிசியையும் உளுந்தையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக் கல்லுக்கு வந்தாள். அங்கே இருந்த ஏழு வருஷமும் என் கல்லில்தான் ஆட்டினாள். ஆட்டும்போது தண்ணீர் தெளிக்கிற கையால் அந்தக் கல்லை ஒரு தடவு தடவுவாள். எனக்குப் பார்க்கவே என்னமோ செய்யும்.

அவர் வேலை பார்த்தது டவுனில், தவுக்கே என்று நாங்கள் சொல்கிற ஒரு சீன முதலாளியின் மூக்குக்கண்ணாடிக் கடை. கண் பரிசோதிப்பதில் கெட்டிக்காரர். இரும்புச் சட்டம் ஒன்றை மூக்கில் மாட்டி, அதில் வில்லைகளை மாற்றி மாற்றிச் சொருகி, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பார். அதே குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல். நான் போயிருந்தபோது முதலில் போட்ட வில்லைதான் தெளிவு என்றேன். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்து, அவர் வேறு ஏதோ எதிர்பார்க்கிறார் போலிருக்கிறதே என்று, "இல்லண்ணே, அடுத்ததுதான் தெளிவு" என்றேன்.

"மொதல்ல சொன்னத எழுதிட்டேன் தங்கச்சி" என்றார். "மொதல் பதில் கண்ணு சொல்றது. ரெண்டாவது பதில் எனக்காகச் சொல்றது."

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கண்ணாடி எனக்குப் பத்து வருஷம் உழைத்தது. அந்த விதி எப்படிப்பட்ட விதி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், மற்றவர் கண்ணை அப்படி நம்பியவர் தன் கண்ணை நம்பமாட்டார். இரண்டு சட்டை இருந்தால் மனைவியைக் கேட்பார். இரண்டு வழி இருந்தால் எதிரே வருகிறவனைக் கேட்பார். ஒருநாள் ஒரே ரசத்தை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி வைத்துக்கொண்டு, "இது புளிப்பா, இது புளிப்பா?" என்று அவர் கேட்க, அவள் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் நட்சத்திரம். சாயங்காலம் கடை விட்டு வந்து, குளித்து, வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார். எங்கள் சந்து விளக்கு அவருக்குப் பெரிய விரோதி. கோணிச்சாக்கை ஒரு கம்பில் கட்டி, விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே பார்ப்பார். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன்.

"ஏண்ணே, அப்படி என்னதான் இருக்கு அங்க?"

"அதுகள யாரும் தூக்க வேண்டாம் தங்கச்சி. எந்த ஊருக்குப் போனாலும் நமக்கு முன்னாடியே அங்க போய் நிக்கும்."

"நீங்க எந்த ஊருக்கும் போகாம இருந்தா, அவ ஒரு ஆட்டுக்கல்லாவது வாங்கிக்குவா."

அன்றைக்குத்தான் சொன்னார், ஒரே ஒரு தடவை. சண்டைக் காலத்தில் அவர் பர்மாவில் இருந்திருக்கிறார், தன் கூடப்பிறந்த அண்ணனோடு. குண்டு விழுந்ததும் எல்லாரும் இந்தியாவுக்கு நடந்தார்கள். அண்ணன் தையற்காரர், மிஷினின் தலைப்பாகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். கீழே போடு, கீழே போடு என்று இவர் கெஞ்சினாராம். ஊருக்குப் போனால் இதுதான் சோறு என்று அண்ணன் போடவில்லை. மலைப்பாதையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. "மிஷினையும் அங்கயே வெச்சுட்டு வந்தேன்" என்றார். கைகளைப் பார்த்துக்கொண்டார்.

அன்று ராத்திரி முழுக்க மனசு கேட்கவில்லை. ஆனாலும் அவள் என்ன பாவம் செய்தாள் என்பதும் விடவில்லை.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வருகிற வருஷம் அது. ஊரெங்கும் ஒரே பேச்சு பிரஜா உரிமைதான். வெளிநாட்டில் பிறந்தவர்கள் மனுப் போட வேண்டும், ஒரு வருஷக் கெடுவுக்குள் போட்டால் மலாய்ப் பரீட்சை இல்லை என்றார்கள். என் வீட்டுக்காரர் முனிசிபல் ஆபீசில் வேலை பார்த்தவர், மனுத்தாள் கிடைத்த அன்றே இரண்டாகக் கொண்டுவந்து, ஒன்றை வேலிக்கு மேல் நீட்டினார். அண்ணன் அதை வாங்கி, நாலாக மடித்து, தகரப் பெட்டிக்குள் வைத்தார். "பாக்கலாம்" என்றார். "கப்பலும் ஓடிக்கிட்டுத்தான இருக்கு."

அவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதும், சோறு இறங்காது. கப்பல் என்றால் அம்மா இல்லை, தம்பி இல்லை, எதுவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தொலைநோக்கி வந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஊருக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரை விற்றுவிட்டுப் போன பெரிய தொலைநோக்கி தவுக்கேயிடம் வந்து சேர்ந்தது. மூன்று மரக்கால், பித்தளைப் பூண், குழாய் மட்டும் என் இடுப்பு உயரம். இன்னொன்று ஜப்பானிலிருந்து வந்த சின்னது, காலை மடக்கினால் தோள்பைக்குள் போகும். இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, பிடித்ததை எடுத்துக்கொள், சம்பளத்தில் கழித்துக்கொள்கிறேன் என்றார் தவுக்கே. தங்கமான மனுஷன்.

பெரியதைத் தூக்கிக்கொண்டு அண்ணன் சந்தில் நடந்தார். பத்தடிக்குள் மூன்று தடவை கீழே வைத்தார். சின்னதைத் தூக்கிக்கொண்டு சாலை முனை வரை போய் வந்தார். "குண்டு போட்டவன் செஞ்சது. ஆனா லேசு" என்றார்.

எனக்கென்றால் சிரிப்பு. லேசானதுதான் என்று முடிவு தெரிந்த கதை. ஆனால் அவர் அன்று சாயங்காலம் வேலியோரம் வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னதைக் கேட்டு, நானும் அவளும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டோம்.

"டவுன்ல இவ்வளவு வெளக்கு வெளிச்சத்துல சின்னது எடுபடுமான்னு தெரியல. பெரிசுதான் தெளிவுன்னு ஆச்சுன்னா, அதையே வாங்கிடறேன். அதத் தூக்கிக்கிட்டுக் கப்பல் ஏற முடியாது. அப்புறம் இங்கயே இருந்துட வேண்டியதுதான். மனுவையும் எழுதிடலாம்."

"வெளயாடறீங்களா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இல்ல. ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சா சின்னதே போதும். ஊரப் பாத்துப் போயிடலாம்."

கேட்டீர்களா கூத்தை! ஒரு பெண்ணின் வாழ்க்கையை இரண்டு குழாயில் கட்டித் தொங்கவிட்டார். ஆனால் இப்போது யோசித்தால், அந்த மனிதருக்கும் இருக்க ஆசை இருந்திருக்கிறது. தானாக முடிவெடுக்கத் தைரியம் இல்லை, அதைச் சொல்ல யாராவது ஒருவர் வேண்டியிருந்தது.

முதலில் சொல்ல வந்தது ஒரு போலீஸ்காரர். தெங்கேரா கடற்கரையில் வெளிச்சம் குறைவு என்று அண்ணன் இரண்டு தொலைநோக்கியையும் பெச்சா என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு போனார். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் அது. இருட்டுகிற நேரத்தில் நீளமாகக் குழாயோடு ஓர் ஆள் போனால் விடுவார்களா? மலாய்க்காரப் போலீஸ் ஒருவர் துப்பாக்கியோடு நிறுத்திவிட்டார். இவர் இரண்டையும் நிறுத்தி, தூரத்தில் நின்ற கப்பல் விளக்கைக் காட்டி, மலாயில் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார், இது தெளிவா, இது தெளிவா என்று. போலீஸ்காரர் பார்த்துவிட்டு, பெரியதைத் தட்டி, "இனி லகி தெராங்" என்றாராம். இதுதான் இன்னும் தெளிவு என்று.

"அப்புறம் என்னங்க? போலீஸே சொல்லியாச்சு!" என்று அவள் குதித்தாள்.

"கப்பல் வெளக்குக் கணக்குல வராது. நட்சத்திரத்துலதான் பாக்கணும். மேகம் மூடிருச்சு" என்றார்.

மெர்டேக்காவுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பெரிய சாலையில் அலங்கார வளைவும் பல்புமாக வெளிச்சம் கட்டியிருந்தார்கள், அந்த வெளிச்சம் எங்கள் கூரை வரைக்கும் வந்தது. அண்ணன் கிணற்றடியில் கோணிச்சாக்கு கட்டி, இரண்டு தொலைநோக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஏழு மணி தாண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் வளைவு வேலைக்குப் போயிருந்தார். அண்ணன் என்னையும் கூப்பிட்டார்.

"நிலாவ வெச்சுப் பாத்தா ரெண்டும் நல்லாத்தான் தெரியும். வித்தியாசம் சனியிலதான் தெரியும். அதோ, கேட்டை நட்சத்திரத்துக்குப் பக்கத்துல. சனி, வளையத்தோட" என்றார். என்ன ஒரு பெருமை அந்த முகத்தில்!

எனக்குப் பக்கத்தில் நின்றவள் என் கையைப் பிடித்தாள். அவள் விருச்சிக ராசி. ஜென்மச் சனி நடக்கிறது என்று சனிக்கிழமை தவறாமல் எள்ளெண்ணெய் விளக்குப் போடுகிறவள். கோயிலில் சனி பகவானுக்கு நேர் எதிரே நிற்கமாட்டாள். நாங்கள் யாருமே நிற்கமாட்டோம், பக்கவாட்டில் நின்று கும்பிட்டு அப்படியே நகர்ந்துவிடுவோம். அவர் பார்வை நம்மேல் விழக்கூடாது. இப்போது இந்த மனுஷன், குழாய் வைத்து, பெரிதாக்கி, கண்ணுக்குக் கண் பார் என்கிறார். நட்சத்திரத்தை அவ்வளவு தெரிந்தவருக்கு இது தெரியாமல் போனதே என்றுதான் இன்றைக்கும் எனக்கு ஆற்றாமை.

"குனிஞ்சு பாரு. இது தெளிவா?" பெரியதில் குனிந்தாள். "இது தெளிவா?" சின்னதில் குனிந்தாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிப்பாவி, பெரியது என்று சொல்லேன்! அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குனிந்திருக்கிறாள். பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறாள்.

"தங்கச்சி, நீங்க வாங்க."

நானும் குனிந்தேன். இரண்டிலும் குனிந்தேன்.

"ஆமாண்ணே, ஒண்ணுதான்" என்றேன்.

அவர் தானும் ஒரு தடவை இரண்டிலும் பார்த்தார். பெரியதில் மறுபடி குனிந்தார், நிமிர்ந்தார். பெரியதன் பூண்களைத் தளர்த்தி, மரக்கால்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்.

கொஞ்ச நேரத்தில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை. "நான் பாக்கவே இல்லீங்க. கண்ண மூடிக்கிட்டேன். இன்னொரு தடவ பாக்குறேன், வாங்க. பெரிசுதான் தெளிவா இருக்கும்."

"பாக்காமயே பெரிசுதான்னு எப்படிச் சொல்ற?"

"போலீஸ்காரர் சொன்னாரே!"

"மொதல்ல சொன்னதுதான் நெசம்" என்றார். கடையில் பேசுகிற அதே குரல். "இப்ப சொல்றது ஆட்டுக்கல்லுக்காகச் சொல்றது. அது தப்புன்னு சொல்லல. ஆனா கண்ணு சொன்னது வேற. நீ மட்டும்னாலும் பரவாயில்ல. பக்கத்து வீட்டுத் தங்கச்சியும் அதையேதான சொல்லுச்சு? அதுக்கென்ன, பொய் சொல்லணும்னு தலையெழுத்தா?"

மறுநாள் காலையில் அவள் வேலியோரம் வந்தாள். கண் வீங்கியிருந்தது. "அக்கா, நீங்க பாத்தீங்கள்ல? நெசமாவே ரெண்டும் ஒண்ணாவா இருந்துச்சு?"

நான் யார்? அவள் எள்ளுவிளக்கு ஏற்றும்போதெல்லாம் கேலி செய்தவள். வானத்தில் கிடக்கிற ஒரு கல்லுக்கா இப்படி நடுங்குகிறாய், எனக்கும்தான் ஏழரை நடக்கிறது, நான் பயப்படுகிறேனா என்று வாய் கிழியப் பேசியவள். அந்த வாயால் இப்போது என்ன சொல்ல?

"பாத்தேன்" என்றேன். "ஒண்ணாத்தான் இருந்துச்சு."

நான் பார்க்கவில்லை. நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் குனிந்தேன். இரண்டு தடவையும். பெரியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவளுக்காகப் பொய்யே சொல்லியிருக்கலாம். குனிந்து நிற்கிற அந்த நேரத்தில் சனியைத் தவிர வேறு எதுவும் என் புத்தியில் இல்லை. அவள் சொன்னதையே பிடித்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டேன். அப்புறமாவது அவரிடம் போய் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் பேச்சு எடுபட்டிருக்கும். வெட்கம் விடவில்லை.

பெரியதைத் தவுக்கேயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். மனுத்தாள் பெட்டியிலேயே கிடந்தது. கெடு முடிவதற்குள் எழுதச் சொல்லி என் வீட்டுக்காரர் நாலு தடவை நினைவுபடுத்தினார். நாலு தடவையும் "பாக்கலாம்" என்றார். அடுத்த வருஷம் சிங்கப்பூருக்குப் போய்க் கப்பல் ஏறினார்கள். வலது கையில் ஒரு பெட்டி, இடது கையில் ஒரு பெட்டி, தோளில் அந்தப் பை. எங்கள் சந்தில் பத்தடி நடந்து பார்த்தார், கீழே வைக்கவில்லை. அவள் கடைசியாக என் வீட்டுக்குள் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, ஆட்டுக்கல்லைத் தொட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அவளுக்கு எழுத வராது, யாரையோ வைத்து எழுதியிருந்தாள். ஊரில் வீடு பெரிது, கொல்லையில் ஆட்டுக்கல் இருக்கிறது, நாலு பேர் சேர்ந்தாலும் நகராது. அம்மா இறந்த செய்தி இரண்டு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. அவர் இன்னும் தகரப் பெட்டியைப் பிரிக்கவில்லை. அங்கேயும் எல்லாவற்றையும் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார், இனி எங்கே போவதற்கு என்று கேட்டால் அடுத்த சாமானைத் தூக்குகிறார். இதெல்லாம் எழுதிவிட்டு, கீழே இப்படி இருந்தது:

"அக்கா, போன மாசம் நான் சனியைப் பார்த்தேன். இனிமேல் என்ன செய்துவிடப் போகிறார் என்று கண்ணைத் திறந்தே பார்த்தேன். சின்னதில் வளையம் தெரியவில்லை. ஓர் அரிசி மாதிரி நீளமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இவரிடம் சொன்னேன். பெரியதிலும் இப்படித்தான் இருந்தது, அன்றைக்கே தங்கச்சி பார்த்துச் சொன்னதே என்கிறார். இவர் இப்போதும் உங்களைத்தான் சாட்சியாகச் சொல்கிறார். நீங்கள் அன்று நன்றாகப் பார்த்துத்தானே சொன்னீர்கள்?"

அந்தக் கடிதம் என் பெட்டியில்தான் இருக்கிறது. பதில் எழுத நான் பலமுறை உட்கார்ந்தேன். இன்னும் எழுதவில்லை.